சந்தேகமென்றால் ‘இல்லை’

லினக்ஸ் கெர்னலைத் தானே தொகுத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும். தொகுப்புக்கு முன் வரும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சிறு விளக்கம் உண்டு. அந்த விளக்கத்தின் கடைசி வரி பல இடங்களில் இப்படி முடியும்: நிச்சயமில்லை என்றால் ‘இல்லை’ என்று சொல். சில கேள்விகளுக்கு ‘ஆம் என்று சொல்’ என்றும் இருக்கும், ஆனால் ‘இல்லை’தான் அதிகம். பல வருடங்களாக இதை ஒரு தொழில்நுட்பக் குறிப்பாகத்தான் வாசித்துவந்தேன். பாகூர் பக்கம் ஒரு படிப்பகத்தில் நடந்த சின்ன விஷயம் ஒன்றுக்குப் பிறகு அந்த வரியைக் கடந்துபோக முடியவில்லை. நமக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி, வேறு யாருக்காகவோ முடிவெடுக்கும்போது, ‘இல்லை’ என்பது பாதுகாப்பான பதில்தானா?

கெர்னல் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கருனி என்று தமிழில் எழுதுகிறார்கள். நாம் பயன்படுத்தும் மென்பொருளுக்கும் கணினியின் உறுப்புகளுக்கும் நடுவே நின்று வேலை வாங்கும் நிரல் அது. விசைப்பலகை, வட்டு, வலைத்தொடர்பு, ஒலி என்று ஒவ்வொன்றோடும் பேசத் தெரிந்த நிரல்துண்டுகள் அதற்குள் இருக்கின்றன. அவற்றை டிரைவர் என்கிறோம். உலகத்தில் புழங்கும் கருவிகள் கணக்கில்லாதவை. அதனால் மூலநிரலை எடுத்து இயங்கும் வடிவத்துக்குத் தொகுக்கும் முன், எவை வேண்டும், எவை வேண்டாம் என்று நாம் சொல்ல வேண்டும். இப்படித் தேர்ந்தெடுக்க வேண்டியவை பத்தாயிரத்துக்கும் மேல். பெரும்பாலான டிரைவர்களுக்கு மூன்று பதில்கள் உண்டு. ‘ஆம்’ என்றால் கெர்னலோடு கலந்து எப்போதும் நினைவகத்தில் இருக்கும். ‘மாட்யூல்’ என்றால் தனிக் கோப்பாக வட்டில் காத்திருந்து, அந்தக் கருவி வரும்போது மட்டும் உள்ளே வரும். ‘இல்லை’ என்றால் அந்த நிரல் உருவாகவே உருவாகாது.

எங்கள் ஊர் பாகூர் கொம்யூனில் இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து நடத்தும் படிப்பகம், ஒரே அறை. செய்தித்தாள்கள், போட்டித் தேர்வுப் புத்தகங்கள், சுவரோரம் ஆறு பழைய கணினிகள். ஓர் அலுவலகம் கழித்துப் போட்டதை வாங்கி வந்தது. எல்லாம் ஒரே மாடல், 2 ஜிபி நினைவகம், சின்ன வட்டு. விண்டோஸ் போட்டால் மூச்சு வாங்கும். புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும் விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழுவும் இருப்பதால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் புதிதில்லை. நான் சென்னையில் இந்த வேலையே செய்கிறவன் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது.

சாதாரண லினக்ஸ் வினியோகம் ஒன்றை நிறுவினேன். ஓடியது. அத்தோடு விட்டிருக்கலாம். கெர்னலையும் இந்த ஆறு கணினிகளுக்கென்றே அளவெடுத்துத் தைத்துவிட்டால் இன்னும் வேகமாக எழும், வட்டில் இடமும் மிஞ்சும் என்று தோன்றியது. வேகம் மட்டும் காரணமில்லை. செய்ய முடியும் என்பதைக் காட்டிக்கொள்ளும் ஆசையும் இருந்தது.

இதற்கு ஒரு வசதியான வழி உண்டு. ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ என்று ஒரு கட்டளை. ஸ்டீவன் ராஸ்டெட் எழுதியது, 2009 முதல் கெர்னலோடு வருகிறது. இந்த நிமிடத்தில் உங்கள் கணினியில் எந்தெந்த மாட்யூல்கள் ஏற்றப்பட்டிருக்கின்றன என்று அது பார்க்கும். அவற்றை வைத்துக்கொண்டு மற்ற மாட்யூல்களுக்கெல்லாம் ‘இல்லை’ போட்டுவிடும். ஆயிரக்கணக்கில் இருந்தவை நூற்றுச் சொச்சமாகச் சுருங்கின. பிறகு நானே பட்டியலுக்குள் போய் மிச்சத்தைக் கழித்தேன். படிப்பகத்தில் சத்தம் வேண்டாம் என்று பயாஸிலேயே ஒலியை அணைத்து வைத்திருந்தோம். அதனால் ஒலிப் பிரிவு முழுவதும் போனது. ‘அணுகல்தன்மை’ என்றொரு சிறு பிரிவு இருந்தது, அதுவும் போனது. ஒவ்வொன்றிலும் கீழே அந்த ஆறுதல் வரி: நிச்சயமில்லை என்றால் இல்லை. இட நெருக்கடி என்று பழைய கெர்னலையும் அழித்தேன். கணினிகள் எழும் நேரம் ஏறக்குறைய பாதியானது. படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, “பட்டன் அமுக்குனதும் வந்துடுதுப்பா” என்றார். பெருமையாக இருந்தது.

சில மாதம் கழித்து அந்த அக்காவே போன் செய்தார். வில்லியனூர் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பையன் வந்திருந்தானாம். கண் தெரியாதவன். இங்கே கணினி இருக்கிறது, காசு கேட்பதில்லை என்று யாரோ சொல்லி, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறான். கையில் ஒரு யூஎஸ்பி ஹெட்போன். லினக்ஸில் ஆர்க்கா என்ற திரைவாசிப்பான் உண்டு. ஈஸ்பீக் குரலில் அது தமிழையும் வாசிக்கும், கொஞ்சம் இயந்திரத்தனமாக இருந்தாலும் புரியும். அவனுக்கு அது பழக்கம். ஹெட்போனைச் செருகி, திரைவாசிப்பானை எழுப்பும் விசைகளை அழுத்தியிருக்கிறான். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அழுத்தியிருக்கிறான். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, “பரவால்லக்கா, எனக்குத்தான் சரியா தெரில போல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

“கம்ப்யூட்டர்ல எதாச்சும் ரிப்பேராப்பா?” என்று அக்கா கேட்டார். ரிப்பேர் எதுவும் இல்லை. கணினிகள் நான் சொன்னபடிதான் நடந்துகொண்டன.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். வேறொரு ஹெட்போனைச் செருகினேன். இணைக்கப்பட்ட யூஎஸ்பி கருவிகளின் பட்டியலில் அதைச் செய்த கம்பெனியின் பெயர்கூட வந்தது. வந்திருப்பது யாரென்று கணினிக்குத் தெரிகிறது, பேசத்தான் வழியில்லை. வினியோகத்தின் பழைய கெர்னலைத் திரும்பப் போட்டேன். ஒரு கணினிக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அவன் நம்பரை அக்கா வாங்கி வைத்திருந்ததால் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவன் கோபப்படவில்லை. ஒன்று மட்டும் கேட்டான்: “இல்லன்னா இல்லன்னு சொல்லலாம்ல ண்ணா? அதுகூட சொல்லல. நான் என்னமோ தப்பா அமுக்குறேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. கெர்னலில் ‘இல்லை’ என்று சொல்லப்பட்ட ஒன்று, பயன்படுத்துகிறவருக்கு மறுப்பாக வந்து சேர்வதில்லை. மறுப்பென்றால் அதில் ஒரு வாசல் இருக்கும். ரேஷன் கடையில் ‘உன் பேரு லிஸ்ட்ல இல்ல’ என்கிறார்கள் என்றால், ஏன் இல்லை என்று கேட்கலாம், மேலே போகலாம், சண்டை போடலாம். இங்கே கேட்க ஆளே கிடையாது. மறுத்தவன் நான், சென்னையில் இருக்கிறேன். நான் மறுத்தேன் என்பது எனக்கே தெரியாது. அவனுக்கு எதிரே இருக்கும் கணினிக்கு அப்படி ஒரு விஷயம் உண்டென்பதே தெரியாது. இத்தனை பேரின் தெரியாமையும் சேர்ந்து கடைசியில் அவன் தலையில், ‘எனக்குத்தான் தெரில போல’ என்று இறங்குகிறது. கெர்னலின் அமைப்புப் பட்டியலை அதற்குள்ளேயே பொதிந்து வைக்க ஒரு தேர்வு உண்டு. வைத்திருந்தால், எதையெல்லாம் இல்லை என்றேன் என்று ஓடிக்கொண்டிருக்கும் கணினியே சொல்லும். அதற்கும் ‘இல்லை’ போட்டிருந்தேன்.

என் பக்கத்து வாதத்தையும் சொல்ல வேண்டும். யாரும் ஒலி கேட்கவில்லை. சத்தம் வேண்டாம் என்பது எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. வராத ஒருவனை நினைத்து எப்படிச் செய்வது? ஒன்றைச் செய்து கெடுதல் விளைவிப்பதும் ஒன்றைச் செய்யாமல் விடுவதும் சமமா? இல்லை என்றுதான் பலரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் நான் செய்தது விடுதல்தானா? வினியோகம் கொடுத்த கெர்னலில் அந்த ஹெட்போனுக்கான டிரைவர் இருந்தது. இருந்ததை எடுத்தவன் நான். எடுக்கும்போது எனக்கு ஒன்றும் செய்யாததுபோலத்தான் இருந்தது, ஏனென்றால் கட்டளைதான் பட்டியல் போட்டது, நான் ஒப்புக்கொண்டேன். முன்னிருப்பாக வரும் பதிலை ஏற்பது ஒரு செயலாகவே நமக்குத் தோன்றுவதில்லை.

‘நிச்சயமில்லை என்றால் இல்லை’ என்ற ஆலோசனையில் தவறில்லை. தன் மேசையில் தன் கணினிக்காகத் தொகுக்கிறவருக்கு அது நல்ல ஆலோசனை. நாளைக்கு ஒரு பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றால் அவருக்கே தெரியும், அவரே திரும்பத் தொகுப்பார். சொல்கிறவரும் அனுபவிக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கும்வரை ‘இல்லை’ மலிவானது. இருவரும் வேறு ஆளாகும்போது அதே சொல்லின் விலை மாறிவிடுகிறது. அந்த வரிக்கு இது தெரியாது. படிக்கிறவன்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

யாருக்காக அமைக்கிறோம் என்ற கேள்வியை லினக்ஸ் உலகமே ஒருமுறை சண்டை போட்டுக் கேட்டிருக்கிறது. 2002ஆம் ஆண்டு எரிக் ரேமண்ட் கெர்னல் அமைப்பில் புதியதொரு முறை வேண்டுமென்று வாதாடினார். கணினி பற்றி ஒன்றும் தெரியாத டில்லி அத்தைகூடத் தன் கெர்னலைத் தானே தொகுத்துக்கொள்ள முடிய வேண்டும் என்பது அவர் கட்சி. கணினியில் என்ன இருக்கிறதென்று நிரலே கண்டுபிடித்துப் பதில்களை நிரப்பிக்கொள்ளும். டில்லி அத்தை ஏன் கெர்னல் தொகுக்க வேண்டும், வினியோகம் தொகுத்துக் கொடுப்பதைப் போட்டுக்கொள்ளட்டுமே என்று எதிர்த்தரப்பு கேட்டது. ரேமண்டின் முறை ஏற்கப்படவில்லை. அந்த ஆண்டின் கடைசியில் ரோமன் ஸிப்பல் எழுதிய கேகான்ஃபிக் வந்தது, இன்றுவரை அதுதான்.

அன்றைக்குச் சிரித்துவிட்டுப் போன விவாதம் அது. ஆனால் எதிர்த்தரப்பு சொன்னதில் ஒரு பெரிய பொறுப்பு ஒளிந்திருக்கிறது. அத்தை தொகுக்க வேண்டாம் என்றால், அத்தையிடம் என்ன கருவி இருக்கிறதென்று தெரியாத ஒருவர் அவளுக்காகத் தொகுக்க வேண்டும். டெபியனோ உபுண்டுவோ நம் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸோ, பொதுப் பயன்பாட்டு வினியோகங்கள் எல்லாம் இதைத்தான் செய்கின்றன. யார் கையில் போய்ச் சேரும் என்று தெரியாததால், கூடியவரை எல்லாவற்றையும் மாட்யூலாகத் தொகுத்து வட்டில் வைத்துவிடுகிறார்கள். வில்லியனூர் பக்கத்துப் பையனை உலகத்தில் யாரென்றே அறியாத ஒருவர் அவனுடைய ஹெட்போனுக்கு இடம் வைத்திருந்தார். பக்கத்து ஊர்க்காரனான நான் அதை எடுத்துவிட்டேன். அவருடைய அறியாமை அவனுக்கு உதவியது. என் அறிவு, அதாவது ‘இந்த ஆறு கணினிகளில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும்’ என்ற நினைப்பு, அவனை வெளியே நிறுத்தியது.

ஜான் ரால்ஸ் 1971இல் வெளியிட்ட ‘நீதிக் கோட்பாடு’ நூலில் ஒரு கற்பனை உண்டு. ஒரு சமூகத்தின் விதிகளை அமைக்கிறவர்கள், அதில் தாங்கள் பணக்காரராகப் பிறப்போமா, ஏழையாகவா, உடல் திடத்தோடா, நலிவோடா என்று தெரியாமல் ஒரு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து விதிகளை எழுத வேண்டும். அப்படி எழுதினால்தான் கடைநிலையில் இருப்பவருக்கும் நியாயம் கிடைக்கும் என்பார். ரால்ஸின் திரைக்குப் பின்னால் இருப்பவருக்குத் தன்னைப் பற்றித் தெரியாது. வினியோகம் தொகுப்பவருக்குப் பிறரைப் பற்றித் தெரியாது. இரண்டும் ஒன்றல்ல என்றாலும் விளைவு கிட்டத்தட்ட ஒன்றுதான். கண் தெரியும் ஆறு பேர் தினமும் உட்காருவதைப் பார்த்துவிட்டு அமைக்கிறவனுக்கு அந்தத் திரை விலகிவிடுகிறது. கண்ணில் பட்டவர்களே உலகம் என்றாகிவிடுகிறது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ சொல்லிவிடலாமா? அதுவும் பொய்யான பெருந்தன்மைதான். டிசிசிபி என்றொரு வலை நெறிமுறை இருந்தது. பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு, ஆனாலும் பல வினியோகங்களில் அது சேர்ந்தே வந்தது. 2017இல் அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. கணினியில் சாதாரணப் பயனராக இருப்பவர் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற வழிவிடும் ஓட்டை. பத்து வருடத்துக்கும் மேலாக அது அங்கேயே இருந்திருக்கிறது. யாருக்கும் பயன்படாத ஒரு கதவு, திருடனுக்கு மட்டும் பயன்பட்டிருக்கும். 2025இல் டிசிசிபியையே கெர்னலிலிருந்து எடுத்துவிட்டார்கள். லினக்ஸ் எந்த 386 சில்லுக்காக 1991இல் எழுதப்பட்டதோ, அந்தச் சில்லுக்கான ஆதரவும் 2013இல் வந்த 3.8 பதிப்போடு போய்விட்டது. பராமரிக்க ஆளில்லாத ‘ஆம்’ மற்றவர்கள் தலையில் சுமையாக ஏறும். ‘இல்லை’ சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த ‘இல்லை’கள் எல்லோரும் பார்க்க, காரணம் எழுதி, எடுத்தவர் பெயரோடு சொல்லப்பட்டவை. நான் சொன்னதற்கு அப்படி ஒரு பதிவும் இல்லை.

பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் ஏரிக்குப் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் எதைச் சொன்னாலும் பேச்சு ஏரிக்குத்தான் போகும். புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் என்பது கணக்கு. ஊசுட்டேரிக்கு அடுத்துப் பெரியது பாகூர் ஏரி. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக அதற்குத் தண்ணீர் வருகிறது. எங்கள் ஊரில் இருப்பது சின்ன ஏரி. ஏரிக்கு மதகும் உண்டு, கலங்கலும் உண்டு. மதகு வருஷா வருஷம் வேலை செய்யும், திறந்து வயலுக்கு விடுவார்கள். கலங்கல் அப்படியில்லை. ஏரி நிறைந்து வழியும் அன்றைக்கு மட்டும்தான் அதற்கு வேலை. பல வருடம் காய்ந்து கிடக்கும். எங்கள் ஊர்க் கலங்கலுக்குக் கீழே இருக்கும் ஓடையில் முதலில் மாடு கட்டினார்கள், பிறகு வைக்கோல் போர் வந்தது, பிறகு ஒரு கொட்டகை. ஓடையை மூட வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. பார்த்தபோதெல்லாம் காய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் வந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 46 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைமீறி, பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. எங்கள் ஏரியும் வழிந்தது. ஓடையில் போக வேண்டிய தண்ணீர் தெருவில் போனது.

“தண்ணி வர்லன்னா வழியே இல்லன்னு ஆயிடுமா?” என்றார் பெரியப்பா. “அது வர்றப்ப உன்னக் கேட்டுக்கினா வரும்?”

நான் ஓட்டிய கட்டளை, மே மாதத்தில் ஓடையைப் பார்த்து ஊருக்கு வரைபடம் போட்டதுபோல. அந்த நிமிடத்தில் செருகப்படாத கருவி அதன் கணக்கில் இல்லை. இதில் கட்டளையைக் குறை சொல்ல முடியாது. வேண்டியவற்றைச் செருகிவிட்டு ஓட்டு என்று அதன் விளக்கத்திலேயே இருக்கிறது. குறிப்பிட்ட பிரிவுகளில் கை வைக்காமல் காப்பாற்றவும் அதில் வழி உண்டு. அந்த வழியைப் பயன்படுத்த வேண்டுமென்றால், இங்கே இப்போது இல்லாத யாரோ வருவார் என்று முதலில் தோன்ற வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

கெர்னலின் மூன்றாவது பதிலை இப்போதெல்லாம் வேறு மாதிரி பார்க்கிறேன். மாட்யூல் என்பது ஆமுக்கும் இல்லைக்கும் நடுவிலான சமரசம் என்று நினைத்திருந்தேன். அது வராதவருக்காக வைக்கும் ஓடை. நினைவகத்தில் இடம் கேட்காது, மற்றவர்களைத் தொந்தரவு செய்யாது. வட்டில் கொஞ்சம் இடம், தொகுக்கும்போது கொஞ்சம் நேரம், பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கவனிப்பு. அந்தச் செலவை இருப்பவர்கள்தான் ஏற்க வேண்டும். வரப்போகிறவன் இப்போது வந்து கொடுக்க முடியாது. எங்கள் ஆறு கணினிகளில் அந்தச் செலவு, ஒவ்வொரு காலையும் சில நொடிகள் கூடுதலாகக் காத்திருப்பது. எழும் நேரம் பழையபடி ஆகிவிட்டது. அக்கா கவனித்தார், ஏன் என்று கேட்டார், சொன்னேன். “அவ்ளோ தானா, அதுக்கா அந்தப் புள்ளய அலைய வுட்ட?” என்றார்.

திரைவாசிப்புக்குக் கெர்னலுக்குள்ளேயே ஒரு நிரல் இருக்கிறது. கிர்க் ரைசர் தொடங்கிய ஸ்பீக்கப். ‘ஸ்டேஜிங்’ என்னும் காத்திருப்புப் பகுதியில் சுமார் பத்து வருடம் கிடந்து, 2020இல்தான் அது அணுகல்தன்மைப் பிரிவுக்குள் வந்தது. நான் யோசிக்காமல் கழித்த பிரிவு அதுதான். யாரோ பத்து வருடம் வாசலில் நின்று உள்ளே கொண்டுவந்ததை ஒரு விசையில் வெளியே தள்ளியிருக்கிறேன். எங்கள் பையனுக்கு ஸ்பீக்கப் தேவைப்படவில்லை, ஆர்க்கா போதும். ஆனாலும் அந்தப் பெயரைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பிரிவைத் தாண்டும்போது கை நிற்கிறது.

இப்போதும் மற்றவர்களுக்காகக் கெர்னல் தொகுக்க வேண்டிவந்தால் தொகுக்கிறேன். ‘இல்லை’ சொல்லவும் செய்கிறேன். பழைய கெர்னலை அழிப்பதில்லை; துவக்கப் பட்டியலில் இரண்டாவது வரியாக அது இருக்கும். அமைப்புப் பட்டியலை உள்ளே பொதிந்து வைக்கிறேன். படிப்பகச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: இந்தக் கணினிகளில் எது வேலை செய்யாது, அதற்கு யாரைக் கேட்க வேண்டும், அவருடைய போன் நம்பர் என்ன என்று. அக்கா அதைப் படித்துவிட்டு, “கண்ணு தெரியாதவன் இத எப்படிப் படிப்பான்?” என்று கேட்டார்.

தாளில் இருப்பதை இப்போது கணினி எழுந்தவுடன் ஈஸ்பீக் குரலில் சொல்லும்படி வைத்திருக்கிறேன். ஹெட்போன் செருகியிருந்தால்தான் கேட்கும். மற்றவர்கள் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.